யாரோ திருகிய குமிழ்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவதை நின்று பார்த்திருக்கிறீர்களா?

வாங்கித் தின்றிருப்பீர்கள். 2019-ல் புவிசார் குறியீடெல்லாம் வாங்கிவிட்ட வஸ்து. ஆனால், அது பிறக்கும் இடத்தில் பத்து நிமிடம் நிற்பது தனி அனுபவம். பெரிய சட்டி. கீழே திகுதிகுவென்று நெருப்பு. வியர்வை வழிய ஒரு மனிதர் கிண்டிக்கொண்டே இருக்கிறார். கையை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். தண்ணீர் மாதிரி இருந்த பால் கண்ணெதிரே குழம்பாகி, கெட்டியாகி, திரண்டு வருகிறது.

அதை மறுபடி பாலாக்க முடியுமா? முடியாது. அவித்த முட்டையை நம் வீட்டு அடுப்படியில் பச்சை முட்டையாக்க முடியாதது மாதிரி. பால்கோவாவில் தண்ணீர் வற்றுவது, சர்க்கரை சேர்வது என்று வேறு சங்கதிகளும் உண்டு. முட்டையில் விஷயம் இன்னும் சுத்தமாகத் தெரியும்.

புரதம் என்பது ஒரு நூல். அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த நூல். அது குறிப்பிட்ட விதத்தில் மடங்கி உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். சூடு ஏறினால் மடிப்பு கலையும். கலைந்த நூல் பக்கத்து நூலோடு சிக்கிக்கொள்ளும். அப்புறம் அது புரதமில்லை, வெறும் கட்டி. வெள்ளைக்கரு வெள்ளையாவது இப்படித்தான்.

சரி, ஒரு சந்தேகம். சித்திரை மாதம் விருதுநகர் மாவட்டத்தில் கொளுத்துகிற வெயில் உங்களுக்குத் தெரியும். நாமாவது நிழலில் ஒதுங்குவோம், வியர்த்துச் சமாளிப்போம். ஓட முடியாமல் வயலில் நிற்கிற பருத்திச் செடி என்ன செய்யும்? அதற்குள்ளும் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றனவே, ஏன் அவிந்து போவதில்லை?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த கதை சுவாரசியமானது. எனக்கு அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் ராஜபாளையத்தில் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். ஊருக்குள் நுழைந்தால் நூற்பாலைகள். அப்படியொரு ஆலையில் முப்பத்தைந்து வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற மேஸ்திரி ஒருவர் வீட்டில், வேறு வேலையாகப் போனவன், காபிக்கு உட்கார்ந்தேன். தூரத்தில் சஞ்சீவி மலை தெரிந்தது.

"தம்பி, பேப்பர்ல எழுதுறவரு. நீங்களே சொல்லுங்க. பேத்தி விலங்கியல் படிச்சா. வேலைக்குப் போன்னா, ஆராய்ச்சி பண்ணப் போறேங்கறா. எதைப் பத்திங்கறீங்க? ஈயி! பழத்துல மொய்க்குமே, அந்த ஈயி. அதை அஞ்சு வருஷம் பார்த்து என்னத்துக்கு ஆகப் போகுது?"

பேத்தி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். பதில் சொல்லாவிட்டால் அந்தக் காபி ஜீரணமாகாது என்று புரிந்துவிட்டது.

நான் படித்தது பி.காம். உயிரியலுக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்தோடு விவகாரம் முடிந்துவிட்டது. ஆனால், வரவு செலவுக் கணக்கு பார்க்கத் தெரியும். அந்த ஈயின் கணக்கை நான் ஒருமுறை விழுந்து விழுந்து படித்திருந்தேன். அதைத்தான் அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1960-களின் தொடக்கம். இத்தாலி. ஃபெருச்சியோ ரிட்டோசா என்று ஓர் இளம் ஆராய்ச்சியாளர். வயது இருபதுகளின் நடுவில். அவர் கையிலிருந்தது டிரோசோஃபிலா என்கிற பழ ஈ. அதன் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒரு விசேஷம் உண்டு. அங்கே குரோமோசோம்கள் மற்ற இடங்களில் இருப்பதைப் போல நூலிழையாக இராது. ராட்சத சைஸில், குறுக்கே கறுப்புப் பட்டைகள் போட்ட கயிறு மாதிரி இருக்கும். சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே பார்த்துவிடலாம். எந்த ஜீன் வேலை செய்துகொண்டிருக்கிறதோ, அந்த இடம் மட்டும் பூரி மாதிரி உப்பியிருக்கும். எங்கே உப்பியிருக்கிறது என்று பார்த்தே எந்த ஜீன் விழித்திருக்கிறது என்று சொல்லலாம்.

ரிட்டோசாவுக்கு வேலை, தினமும் இந்த உப்பல்களைப் பார்ப்பது.

ஒருநாள் வழக்கம்போலப் பார்க்கிறார். தூக்கிவாரிப் போட்டது. உப்ப வேண்டிய இடங்கள் அடங்கிக் கிடக்கின்றன. அதுவரை உப்பியே பார்த்திராத இடங்கள் உப்பி நிற்கின்றன. என்ன ஆயிற்று? விசாரித்தால் விஷயம் அற்பமானது. ஈக்களின் செல்களை வைத்திருந்த இன்குபேட்டரின் வெப்பநிலையைக் கூட வேலை பார்த்த யாரோ ஏற்றி வைத்துவிட்டார்கள்.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? திருகியவனை நாலு திட்டு திட்டி, கெட்டுப்போன சாம்பிளைக் குப்பையில் கொட்டி, முதலிலிருந்து ஆரம்பித்திருப்போம். ரிட்டோசா வேண்டுமென்றே மறுபடி சூடேற்றினார். மறுபடியும் அதே இடங்கள் உப்பின. அதுவும் சில நிமிடங்களில். சூடு மட்டுமா என்று பார்க்க வேறு சில ரசாயனங்களையும் கொடுத்துப் பார்த்தார். அவற்றில் சிலவற்றுக்கும் அதே உப்பல். ஆக, இது சூட்டுக்கான பதில் மட்டுமல்ல. நெருக்கடிக்கான பதில். செல்லுக்குள் ஓர் அபாயச் சங்கு இருக்கிறது!

கட்டுரை எழுதி ஒரு பெரிய பத்திரிகைக்கு அனுப்பினார். இதற்கு உயிரியலில் முக்கியத்துவமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் 1962-ல் 'எக்ஸ்பீரியன்ஷியா' என்ற பத்திரிகையில் சின்னதாக வந்தது. வந்தது மட்டும்தான். உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சங்கு ஊதுகிறது, சரி. ஊதினால் யார் ஓடி வருகிறார்கள்? அது தெரியப் பன்னிரண்டு வருஷம் ஆனது. 1974-ல் ஆல்ஃபிரட் டிஸியேர், ஹெர்ஷல் மிட்செல், உர்சுலா ட்ரேசி ஆகிய மூவர் கண்டுபிடித்தார்கள். சூடு பட்ட ஈயின் செல், வழக்கமான புரத உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு, சில குறிப்பிட்ட புரதங்களை மட்டும் அவசர அவசரமாகத் தயாரிக்கிறது. கடையை இழுத்துச் சாத்திவிட்டு, வெள்ளத்துக்கு மணல் மூட்டை அடுக்குகிற மாதிரி.

இவற்றுக்கு 'ஹீட் ஷாக் புரோட்டீன்' என்று பெயர் வந்தது. நாம் நெருக்கடிப் புரதம் என்று வைத்துக்கொள்வோம். ஹெச்.எஸ்.பி. 70, ஹெச்.எஸ்.பி. 90 என்று நம்பர் போட்டுச் சொல்வார்கள். நம்பர், புரதத்தின் மூலக்கூறு எடை.

அப்புறம்தான் ஆச்சரியம். ஈயில் மட்டுமல்ல. பாக்டீரியாவில் இருக்கிறது. ஈஸ்ட்டில் இருக்கிறது. பருத்தியில், நெல்லில், கோழியில், உங்களில், என்னில், எல்லோரிடமும் இருக்கிறது. 1984-ல் ஈயின் ஹெச்.எஸ்.பி. 70-ஐயும் பாக்டீரியாவின் அதே வகைப் புரதத்தையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். ஏறக்குறையப் பாதி அப்படியே ஒத்துப்போனது. பரிணாமப் பாதையில் எத்தனையோ கோடி வருஷங்களுக்கு முன்பே பிரிந்து போன இரண்டு உயிர்கள். எதை எதையோ மாற்றிக்கொண்டவை, இதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கின்றன என்றால், இது இல்லாமல் பிழைப்பில்லை என்று அர்த்தம்.

இந்தப் புரதங்கள் அப்படி என்னதான் செய்கின்றன?

அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போக வேண்டும். தேரோட்டத்தன்று ரத வீதியில் எள் போட்டால் எள் விழாது. வீட்டில் ஒரு சின்னப் பெண்ணை அனுப்புவதானால் கூடவே ஒரு பெரியம்மாவை அனுப்புவார்கள். பெரியம்மாவின் வேலை, அந்தப் பெண்ணுக்குப் பதிலாக சாமி கும்பிடுவதல்ல. கூட்டத்தில் கையை விடாமல், கண்டவர்களோடு சேர விடாமல், பத்திரமாக வீடு கொண்டு வந்து சேர்ப்பது. சேர்த்ததும் அவர் பாட்டுக்கு அடுத்த பெண்ணுக்குத் துணையாகப் போய்விடுவார்.

செல்லின் உள்ளேயும் தேர்க்கூட்டம்தான். புதிதாகப் பிறந்த புரதமோ, சூட்டில் மடிப்பு கலைந்த புரதமோ அந்த நெரிசலில் கண்டதோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். நெருக்கடிப் புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஒழுங்காக மடங்கும்வரை துணை நிற்கிறது. பிறகு விட்டுவிடுகிறது. விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயரும் அதுதான்: 'ஷாப்பரோன்'. அந்தக்கால ஐரோப்பாவில் கல்யாணமாகாத பெண்களுக்குத் துணையாக வரும் பெரிய மனுஷி. 1978-ல் ரான் லாஸ்கி வேறொரு புரதத்துக்காகச் சொன்ன வார்த்தையை, 1987-ல் ஜான் எல்லிஸ் இந்தப் பெரியம்மாக்கள் எல்லோருக்கும் பொதுவாக்கினார்.

இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். 1970. கல்கத்தா பல்கலைக்கழகம். ஏ.எஸ். முகர்ஜியிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் சுபாஷ் சந்திர லகோட்டியா. இவர் கையிலும் அதே ஈ, அதே உப்பல். பென்ஸமைட் என்ற ரசாயனத்தைக் கொடுத்துப் பார்த்தார். சூட்டுக்கு உப்புகிற பல இடங்களில் '93டி' என்ற ஒரே ஓர் இடம் மட்டும் உப்பியது. மற்றதெல்லாம் கம்மென்று இருந்தது. ரிட்டோசாவின் கட்டுரையை உலகம் சீந்தாமல் இருந்த காலத்தில் இந்தியாவில் ஒரு மாணவர் அதன் அடுத்த பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு வாரணாசிக்கு, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போன லகோட்டியா, அந்த ஓர் இடத்தை விடவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த ஜீன் எந்தப் புரதத்தையும் தயாரிக்கவில்லை. 1982-ல் அதைச் சொல்லிக் கட்டுரை எழுதினார். ஜீன் என்றால் ஆர்.என்.ஏ.வை எழுதும், ஆர்.என்.ஏ. புரதத்தைச் செய்யும் என்பதுதான் அப்போதைய வேதவாக்கு. இது ஆர்.என்.ஏ.வோடு நின்றுவிடுகிறது. அப்படியானால் எதற்கு இருக்கிறது? புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.க்களும் செல்லை ஆட்டுவிக்கின்றன என்று உலகம் பிற்பாடுதான் கொண்டாட ஆரம்பித்தது. அந்தக் கொண்டாட்டத்துக்கு முன்பே பந்தலில் உட்கார்ந்திருந்தவர் இவர். 2009-ல் அவரது குழு இன்னொன்று சொன்னது. ஹண்டிங்டன் போன்ற நரம்பு நோய்களை ஈயில் உண்டாக்கிப் பார்க்கும்போது, இந்த ஜீனை அடக்கினால் நோயின் பாதிப்பு குறைகிறது. 1970-லிருந்து 2009. ஒரே இடம். கூட்டிப் பாருங்கள்.

சரி, இதுவரை கதையில் பெரியம்மா நல்லவர். இனிமேல்தான் வில்லன் வருகிறான்.

வைரஸுக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது. தொழிற்சாலை இல்லை, ஆள் இல்லை, மின்சாரம் இல்லை. கையில் ஒரு துண்டுச் சீட்டு மட்டும். 'என்னைப் போல நூறு செய்' என்று எழுதிய சீட்டு. அடுத்தவன் வீட்டுக்குள் புகுந்து, அவன் பொருளில், அவன் ஆட்களை வைத்தே வேலையை முடித்துக்கொள்ளும். அப்படிச் செய்யும் புரதங்களும் மடங்க வேண்டுமே? யார் மடித்துக் கொடுப்பார்கள்?

ஊகித்திருப்பீர்கள். பெரியம்மாதான்.

இது முதலில் தெரிய வந்தது ஒரு பாக்டீரியாவில். 1970-களின் தொடக்கத்தில் கோஸ்டா ஜார்ஜோபௌலோஸ் என்ற விஞ்ஞானி, லாம்டா என்ற வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாக்டீரியாவைத் தாக்குகிற வைரஸ் அது. சில விசேஷ பாக்டீரியாக்களில் மட்டும் அதன் பாச்சா பலிக்கவில்லை. உள்ளே போகிறது, பாகங்களைத் தயாரிக்கிறது, ஆனால் தலையைப் பூட்ட முடியவில்லை. பாகங்கள் கட்டி தட்டிக் கிடக்கின்றன. காரணம், அந்த பாக்டீரியாவின் ஒரு ஜீனில் கோளாறு. அந்த ஜீனுக்கு 'குரோ-ஈ' என்று பெயர் வைத்தார்கள். பின்னால் பார்த்தால், அது தயாரிக்கிற புரதம் பாக்டீரியா சூடு பட்டால் அதிகமாகத் தயாரிக்கிற அதே நெருக்கடிப் புரதம்! ஈயைப் பார்த்தவர்களும் வைரஸைப் பார்த்தவர்களும் வெவ்வேறு ரோட்டில் நடந்து ஒரே வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

காப்பாற்றப் பிறந்த பெரியம்மாவுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. யார் கையை நீட்டினாலும் பிடித்துக்கொள்வார்.

சென்னை, 1986. டாக்டர் சுனீதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதன் பிறகு அந்த வைரஸ் செல்லுக்குள் என்ன செய்கிறது என்று நாட்டின் பல ஆய்வகங்களில் தேடினார்கள். புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் தேபஷிஷ் மித்ராவின் குழுவும் அதில் ஒன்று. 2005-ல் இவர்கள் சொன்னார்கள்: ஹெச்.ஐ.வி.யின் 'நெஃப்' என்ற புரதம், நம் செல்லின் ஹெச்.எஸ்.பி. 40-ஐத் துணை சேர்த்துக்கொண்டுதான் வைரஸின் உற்பத்தியைப் பெருக்குகிறது. 2011-ல் அடுத்த செய்தி. அதே குடும்பத்து ஹெச்.எஸ்.பி. 70, வைரஸை அடக்கப் பார்க்கிறது. ஒரே வீட்டில் ஒருவர் திருடனுக்குக் கதவு திறக்கிறார், இன்னொருவர் விளக்குமாற்றை எடுக்கிறார்.

இங்கேதான் நம் எல்லோருக்கும் சம்பந்தமுள்ள கேள்வி எழுகிறது. வைரஸை நேராக அடிக்கிற மருந்து கொடுத்தால், அது தன்னை மாற்றிக்கொண்டு தப்பிக்கும். வைரஸ் வேகமாக வேஷம் மாற்றும் ஜாதி. ஆனால், அது நம்பியிருக்கிற நம் வீட்டு ஆளைக் கொஞ்ச நேரம் கட்டிப்போட்டால்? நம் ஆளை வைரஸ் மாற்ற முடியாதே!

அமெரிக்காவில் ஜூடித் ஃப்ரிட்மன் குழு இதைச் சோதித்தது. 2007-ல் போலியோ வைரஸில், ஹெச்.எஸ்.பி. 90-ஐத் தடுத்தார்கள். வைரஸ் பெருகுவது குறைந்தது. தப்பிக்கும் மாற்றுருவமும் தலை காட்டவில்லை. 2015-ல் டெங்கு. அது செல்லுக்குள் நுழைவதிலிருந்து வெளியே வருவது வரை ஹெச்.எஸ்.பி. 70 வகைப் புரதங்களை நம்பியிருக்கிறது என்று காட்டினார்கள். மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தட்டணுக்களின் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரும் நமக்கு, இது சும்மா செய்தியில்லை. டெங்கு வைரஸைக் கொல்லும் தனி மருந்து இன்னும் நம் மருந்துக் கடைக்கு வரவில்லை.

ஆனால், அவசரப்பட வேண்டாம். கட்டிப்போடப்போவது நம் வீட்டுப் பெரியம்மாவை. ரொம்ப நேரம் கட்டினால் நம் வீடே நாறிவிடும். அளவு, நேரம் எல்லாம் பார்க்க வேண்டும். அதனால்தான் இத்தனை காலம் பிடிக்கிறது. புற்றுநோய்க் கட்டிகளும் இதே பெரியம்மாவை வைத்துப் பிழைப்பவை. அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்தது. 2022-ல் ஜப்பான், வயிறு-குடல் பகுதியில் வரும் ஓர் அரிய வகைக் கட்டிக்கு, ஹெச்.எஸ்.பி. 90-ஐத் தடுக்கும் மருந்து ஒன்றை அனுமதித்தது.

பி.காம். மூளை உடனே கணக்குப் போடுகிறது. முதல் போட்டது 1962. முக்கியத்துவமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு கட்டுரை. வரவு எழுதியது 2022. அறுபது வருஷம். எந்த வங்கி மேனேஜரும் இந்த லோனை சாங்ஷன் செய்ய மாட்டார். 2014-ல் காலமான ரிட்டோசாவும் அந்த வரவைப் பார்க்கவில்லை.

மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார் பாருங்கள், ஒரு கேள்வி.

"எல்லாஞ் சரி தம்பி. குமிழைத் திருகினவன் எவனோ. அவன் திருகலேன்னா இந்தாளு என்ன பண்ணியிருப்பாரு? எல்லாம் அதிர்ஷ்டந்தானே?"

கொஞ்சம் யோசித்தேன். "ஐயா, ஆலைக்குள்ள அத்தனை மிஷின் ஓடும்போது ஒண்ணுல மட்டும் ஏதோ சரியில்லைன்னா உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? சத்தம் மாறுமே! வாசப்படில கால் வைக்கும்போதே சொல்லிடுவேன், எந்த மிஷினுன்னு."

"எனக்குத் தெரியுமா?"

சிரித்தார். "உங்களுக்கு எல்லாம் ஒரே இரைச்சலாத்தான் கேக்கும்."

"அதுதாங்கய்யா. அன்னிக்கு அந்த இன்குபேட்டரைத் திறந்து பார்த்தது நானா இருந்தா, எனக்கு எல்லாம் ஒரே உப்பலாத்தான் தெரிஞ்சிருக்கும். சரியா இருக்கறப்ப எப்படி இருக்கும்னு தினம் தினம் பார்த்த கண்ணுக்குத்தான், மாறினது தெரியும்."

அதிர்ஷ்டம் உண்டுதான். இல்லை என்று சொல்லமாட்டேன். எந்த ஆய்வகத்திலும் தினமும் யாராவது எதையாவது தப்பாகத் திருகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பார்க்கத் தெரிந்த ஒரு ஜோடிக் கண் அங்கே இருக்க வேண்டும். அந்தக் கண்ணைத் தயார் செய்யத்தான் அஞ்சு வருஷம். அதற்குப் பிறகும் எல்லோருக்கும் கிடைக்கும் என்று உத்தரவாதமில்லை. பேத்திக்கு ஒன்றுமே சிக்காமல் போகலாம். அதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

கிழவர் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏத்தா, அந்த ஃபாரத்துல எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.